காஜா மொய்தீன் சொன்ன தீவுப் படம்

தண்டையார்பேட்டை வரதன் கொட்டகையில் தீவுப் படம் ஓடிய நாட்களில், படத்தைப் பார்க்க வந்தவர்களைவிடக் காஜா மொய்தீனைக் கேட்க வந்தவர்கள்தான் அதிகம். படம் பேசாத காலம் அது. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, வருகிறவன் யார், போகிறவன் யார், அழுகிறவள் எதற்காக அழுகிறாள் என்று கூவிச் சொல்ல வேண்டும். மற்றக் கொட்டகைகளில் நாடகத்தில் பாடிப் பாடித் தொண்டை கெட்டுப்போனவர்களை அந்த வேலைக்கு வைத்திருந்தார்கள். வரதனுக்கு அடித்தது யோகம். அவர் கொட்டகையில் சொல்கிறவர் அந்தத் தீவுக்கே போய்வந்த மனிதர்.

கையில் ஒரு தகரக் குழல், தலையில் தலைப்பாகை, முகத்தில் சிரிப்பு. தென்னைமரத்தில் ஏறும் பெரிய நண்டு திரையில் வந்தால் காஜா மொய்தீன் குழலை எடுப்பார். "இன்னா அப்பிடிப் பாக்குறே? நண்டுதான் நைனா அது! மரம் ஏறிக் காய் புடுங்குற நண்டு. உன் வூட்டு மாப்பிள்ளைக்குக்கூட அவ்ளோ தெறம கெடையாது!" மணலில் உட்கார்ந்திருக்கிற துறைமுகக் கூலிகளும் பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டு ஆட்களும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து வெற்றிலைச் சிரிப்பு கேட்கும். சுறாமீன் வரும், மண்ணைக் குவித்து முட்டையிடும் காட்டுப் பறவை வரும், கம்பங்களின் மேல் நிற்கும் குடிசைகள் வரும். எல்லாம் வந்து முடிந்தபின் கடைசியில் அவன் வருவான்.

சின்னப் படகு. அதன் நுனியில் ஈட்டியோடு ஒரு வாலிபன். அவனைக் கண்டதும் கொட்டகை முழுக்க அவன் பெயரைச் சொல்லிக் கத்தும். அவன் கடலில் குதிப்பான். தண்ணீர் மூடிக்கொள்ளும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். பிறகு பெரிய ஆமை ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி அவன் மேலே வருவான், பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். விசில் பறக்கும்.

அந்த இடம் வந்தால் மட்டும் காஜா மொய்தீன் திரையைப் பார்க்க மாட்டார். கொட்டகையின் மூங்கிலைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடிப்பார். ஏனென்றால் படம் பிடித்த அன்று குதித்த அவன் மேலே வரவில்லை. அது அந்தக் கொட்டகையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அவன் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. செத்தவன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அந்தத் தீவின் வழக்கம். சொன்னால், போய்க்கொண்டிருக்கிறவன் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பி நின்றுவிடுவானாம். இதைக் கேட்டு நம் ஊர்ப் படித்த மேதாவிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இரண்டு நாழிகை ஒரு பெயரைச் சொல்லாமல் இருந்தால் நமக்கு ஒன்றும் குடி முழுகிப்போகாது.

காஜா மொய்தீன் ராயபுரத்தில் பிறந்தவர். கப்பலில் பண்டாரி, அதாவது சமையற்காரர். படம் பிடிக்கிற பெட்டியோடு ஒரு துரை சென்னைக்கு வந்து, நிக்கோபாருக்கு அப்பால் இருக்கிற தீவு ஒன்றுக்குக் கப்பல் பேசியபோது, சமையலுக்கு இவரைச் சேர்த்துக்கொண்டார்கள். இவருக்குக் கப்பல்காரர்களின் இந்துஸ்தானி நன்றாக வரும். தேங்காய் வியாபாரிகளிடமிருந்து அந்தத் தீவுக்காரர்களும் அதே பாஷையைக் கொஞ்சம் பிடித்து வைத்திருந்தார்கள். அதனால் தீவில் இறங்கியதும் சட்டி கழுவுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் துரைக்கு வாயாக இருந்தவர் காஜா மொய்தீன்தான்.

துரை கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு பித்து. வெளி உலகத்தின் கை படாத தீவு என்று சீமையில் காட்ட வேண்டும். தீவுக்காரன் எவனாவது வியாபாரி கொடுத்த சட்டையோடு வந்தால் கழற்றச் சொல்வார். தகரக் குவளையை மரத்தின் பின்னால் ஒளிக்கச் சொல்வார். அதையெல்லாம் பக்குவமாக எடுத்துச் சொல்லி ஆட்களை நிற்கவைப்பது காஜா மொய்தீனின் வேலை.

அந்த வாலிபன் இவரோடு ஒட்டிக்கொண்டான். இவர் வைக்கிற குழம்பின் வாசனைக்கு வந்தவன், பிறகு சும்மாவே வந்தான். தாழம்பழத்தை வேகவைத்து அவன் கொடுத்த களியை இவர் முகத்தைச் சுளிக்காமல் தின்றார். அதிலிருந்து தோஸ்துதான். அவனுடைய அண்ணன் ஒருவன் இருந்தான். வெளியாருக்குத் தங்கள் பெயரைச் சொல்ல விரும்பாத அந்த ஊர்க்காரர்கள் கப்பல்காரர்கள் வைக்கிற பட்டப்பெயரை எடுத்துக்கொள்வார்கள். தம்பி மட்டும் இவரிடம் தன் உண்மைப் பெயரைச் சொல்லியிருந்தான்; அண்ணனுக்குக் 'கேப்டன்' என்று பெயர். படகுகூட இல்லாத கேப்டன். தம்பியின் படகில்தான் போவான்.

அமைதியான ஒரு நாளில் தம்பி ஆமையோடு மேலே வந்ததைத் துரை படம் பிடித்துவிட்டார். குதிப்பது மட்டும் சரியாக விழவில்லை. அதை இன்னொரு நாள் எடுத்தார்கள். துரையின் பெட்டி ஒரு படகில். துணைக்கு வந்த படகில் காஜா மொய்தீன். குனிந்து படுத்திருக்க வேண்டும் என்பது கட்டளை.

இவர் குனியவில்லை. குனிய மனம் வரவில்லை. தன் முகமும் படத்தில் விழட்டும், ராயபுரத்தில் என்றாவது ஒருநாள் அது ஓடட்டும், மனைவி ஷரீஃபுன்னிசா பார்க்கட்டும் என்று ஓர் ஆசை. மனிதனுக்கு வரக்கூடாத ஆசையா அது? தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, அவன் குதிக்கிற நேரம் பார்த்து ஜம்மென்று எழுந்து நின்றார். துரை கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினார். யாரும் பார்க்காத தீவில் மெட்ராஸ் தலைப்பாகை! எடுத்த படம் பாழ்.

மறுபடி குதிக்க வேண்டும். தம்பி தண்ணீரைப் பார்த்தான். "நீரோட்டம் திரும்பிவிட்டது, ஆளை இழுத்துவிடும். நாளைக்குக் குதிக்கிறேன்" என்றான். துரை, "என்ன சொல்கிறான்?" என்று கேட்டார். ஏற்கெனவே வாங்கிய திட்டு காதில் சுட்டுக்கொண்டிருக்க, காஜா மொய்தீன், "சரின்னு சொல்றான், துரை" என்றார். பிறகு அவனிடம் திரும்பி, "எனக்காக, தோஸ்து. ஒரே ஒரு தடவை" என்றார். அவன் சிரித்துக்கொண்டே ஈட்டியை எடுத்தான்.

மூன்று நாள் தேடினார்கள். உடம்புகூடக் கிடைக்கவில்லை. துரை மணலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். தீவுக்காரர்கள் அழுது முடித்தபின் அவனுக்குச் சொந்தமான எல்லாவற்றையும் உடைத்தார்கள். படகைப் பிளந்தார்கள், பானையை நொறுக்கினார்கள், குடிசையைச் சாய்த்தார்கள். செத்தவன் பொருள் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது, மிஞ்சினால் அவன் போகமாட்டான். கப்பல் புறப்படுகிற அன்று கேப்டன் கரைக்கு வந்து காஜா மொய்தீனிடம் கேட்டான்: "அவனுடையது ஏதாவது உங்களிடம் இருக்கிறதா?"

பெட்டிக்குள் அவன் இருந்தான். குதித்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தான். சொன்னால் பெட்டியை உடைத்துவிடுவார்கள் என்பது காஜா மொய்தீனுக்குத் தெரியும்.

"இல்லை" என்றார்.

அதோடு போயிருந்தால் அந்தப் பாவத்தை மனசுக்குள்ளேயே புதைத்துக்கொண்டு காலத்தைத் தள்ளியிருப்பார். ஆனால் அந்தப் படம் சீமைக்குப் போய், வெட்டி ஒட்டப்பட்டு, ஊரெல்லாம் சுற்றி, எங்கெங்கோ கைமாறி, வரதன் கொட்டகைக்கே வந்து இறங்கியது. தீவுக்கே போய்வந்தவர் என்று கேள்விப்பட்ட வரதன், படத்துக்குச் சொல்ல இவரையே பிடித்துக்கொண்டார்; முதல் காட்சியில்தான் காஜா மொய்தீன் அதைப் பார்த்தார். அன்றைக்குக் குதித்ததையும், அதற்கு முந்தி ஒருநாள் மேலே வந்ததையும் துரை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்திருந்தார். பார்க்கிறவனுக்கு ஒரே மூச்சில் குதித்து எழுந்த மாதிரி இருக்கும். வாயடைத்து நின்றவரைப் பார்த்துக் கூட்டம் கத்தியது. "இன்னா பாய், கம்முனு கீறே? அவன் பேரு இன்னா? பேரைச் சொல்லு பாய்!"

பெயர் தெரியாத ஆளுக்கு நம் ஜனங்கள் கைதட்ட மாட்டார்கள். திரையில் நாய் வந்தாலும் பெயர் சொல்லியாக வேண்டும். ஒரு பொய்ப் பெயர் சொல்லியிருக்கலாம், முனுசாமி என்றிருக்கலாம். அந்தச் சமயத்தில் வாயில் வந்தது அவன் பெயர்தான். சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான், பெயர் கொட்டகையை விட்டு வெளியே போய்விட்டது. துறைமுகத்தில் தண்ணீரில் குதிக்கிற கூலி அந்தப் பெயரைக் கத்திக்கொண்டு குதித்தான். மீன் மார்க்கெட்டில் ஒரு கிழவி ஆமையை அந்தப் பெயரால் கூவி விற்றாள். ஜஹாங்கீர் என்கிற ஜட்கா வண்டிக்காரன் தன் குதிரைக்கே அதை வைத்துவிட்டான். காஜா மொய்தீன் தெருவில் போனால், "தீவு பாய்! நம்ம தோஸ்து எப்பிடிக்கீறான்?" என்று கேட்பார்கள். நல்லாக்கீறான் என்று சொல்லிவிட்டு வேகமாக நடப்பார். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்தால் தண்ணீர் மூடிக்கொள்வதுதான் கண்ணுக்கு முன்னால் வரும். இருந்தும் மறுநாள் சாயங்காலம் குழலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஊரே தன்னைப் பார்த்துச் சிரிப்பது அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. அந்தப் பிடித்தம்தான் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

ஒரு தை மாதத்தில் தேங்காய்க் கப்பல் வந்தது. அதில் வேலையாளாக வந்து இறங்கினான் கேப்டன். துறைமுகத்தில் நாலு பேரை விசாரித்து, காஜா மொய்தீன் வீட்டு வாசலிலே வந்து நின்றான். தலை நரைத்திருந்தது. கையில் தாழை ஓலையில் கட்டிய களி. "தோஸ்து!" என்று இவரை அப்படியே கட்டிக்கொண்டான்.

காஜா மொய்தீனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. நல்ல வேளை, மத்தியானம். கொட்டகை திறக்க நேரம் இருக்கிறது. சாப்பாடு போட்டு, வெளிச்சம் இருக்கும்போதே துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டால் தப்பித்தோம் என்று நினைத்தார். ஷரீஃபுன்னிசா மீன் வறுத்தாள். கேப்டன் நிதானமாகச் சாப்பிட்டான். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவது அவர்கள் வழக்கமில்லை.

அப்போது பார்த்து வாசலில் ஜட்கா வந்தது. குதிரை மக்கர் பண்ணியது. ஜஹாங்கீர் சவுக்கைச் சுழற்றினான். பெயரைச் சொல்லிச் சொல்லி அடித்தான்.

கேப்டன் கையில் எடுத்த சோறு தட்டில் விழுந்தது. வெளியே போய்க் குதிரையைப் பார்த்தான். திரும்பி வந்து, "இந்தப் பெயர் இந்த ஊருக்கு எப்படி வந்தது?" என்று கேட்டான்.

காஜா மொய்தீன் மீன் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார். ஷரீஃபுன்னிசாவுக்குப் பக்கத்து வீட்டுப் பழக்கத்தில் இந்துஸ்தானி கொஞ்சம் வரும். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. "கொட்டாயில தெனம் காட்டுறாங்களே, அண்ணே! இவருதான் சொல்றாரு. தண்ணில குதிப்பாரே, அவரு பேருதான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள்.

கேப்டன் இவரைப் பார்த்தான். கோபம் இல்லை அந்தப் பார்வையில். புரியாமை இருந்தது. "எனக்குக் காட்டு" என்றான்.

"வேணாம், கேப்டன்."

"காட்டு."

சாயங்காலம் முதல் ஆட்டம். கேப்டன் முன்வரிசை மணலில் உட்கார்ந்தான். சுற்றியிருந்த கூலிகள் அவனுக்கு வேர்க்கடலை கொடுத்தார்கள். நண்டு வந்தது. காஜா மொய்தீனுக்கு ஒரு வேடிக்கையும் வாயில் வரவில்லை. தங்கள் குடிசைகளைத் திரையில் கண்டதும் கேப்டன் வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டான். பிறகு படகு வந்தது. இவர் பெயரைச் சொல்லவில்லை. சொல்லித்தான் என்ன, சொல்லாவிட்டால்தான் என்ன! கொட்டகையே எழுந்து நின்று கத்தியது. கேப்டன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். கண்ணை மட்டும் மூடவில்லை.

தம்பி குதித்தான். தண்ணீர் மூடியது.

ஆமையோடு மேலே வந்தான். சிரித்தான்.

கேப்டன் எழுந்து ஓடினான். திரையைத் தூக்கிப் பின்னால் பார்த்தான். அங்கே மணலும், படுத்திருந்த ஒரு நாயும்தான். இதுவும் வேடிக்கையில் சேர்ந்தது என்று நினைத்து ஜனங்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அவன் காஜா மொய்தீனிடம் வந்து அவர் கை இரண்டையும் பிடித்துக்கொண்டான். கண்ணில் நீர் கொட்டுகிறது, முகமெல்லாம் சிரிப்பு.

"ஏறி வந்துவிட்டான்! நாங்கள் மூன்று நாள் தேடினோம், அவன் உங்கள் பக்கம் ஏறி வந்திருக்கிறான்! கப்பலில் கூட்டிக்கொண்டு வந்தீர்களா? எங்கே இருக்கிறான்?"

காஜா மொய்தீன் எதிர்பார்த்தது ஓர் அடி. ஒரு குத்து வாங்கியிருந்தால் தாங்கியிருப்பார். இதை எப்படித் தாங்குவது? குழலைக் கீழே வைத்துவிட்டு அவனை வெளியே கூட்டிக்கொண்டு போனார். கொட்டகையில் படத்தின் மிச்சம் பேச்சில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வரதன் பின்னாலேயே வந்து, "யோவ் பாய், இன்னாய்யா பேஜாரு பண்றே? ஜனம் கத்துது!" என்று திட்டினார். இவர் காதில் அது விழவே இல்லை.

மறுநாள் காலையில் படம் ஓட்டுகிறவனைக் கெஞ்சி அந்தச் சுருளை வெளியே எடுக்கவைத்தார். வெயிலில் பிடித்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னார். குதித்தது ஒரு நாள், மேலே வந்தது அதற்கு முந்தி வேறொரு நாள் என்று சொன்னார். தான் தலைப்பாகையோடு எழுந்து நின்றதைச் சொன்னார். நீரோட்டம் திரும்பிவிட்டது என்று அவன் சொன்னதையும், அதைத் தான் துரைக்குச் சொல்லாததையும் சொன்னார். "நான்தான் அவனைக் குதிக்கவைத்தேன், கேப்டன். அவன் வரவில்லை. இது வெட்டி ஒட்டின படம்."

"எங்கே ஒட்டியிருக்கிறது? காட்டு."

காஜா மொய்தீன் சுருளை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஒட்டு இல்லை. சீமையில் ஒட்டியபின் அதைப் பார்த்துப் புதிதாக எடுத்த பிரதி அது. குதிக்கிற படத்துக்கு அடுத்தது தண்ணீர், தண்ணீருக்கு அடுத்தது அவன் முகம், ஒரே நாடாவாக வழவழவென்று ஓடியது. கேப்டனும் தடவிப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கையை எடுத்தான்.

"அவனுடையது ஏதாவது இருக்கிறதா என்று அன்றைக்குக் கேட்டேன். இல்லை என்றாய். இருந்தது" என்றான். "இன்றைக்கு அவனே இல்லை என்கிறாய்."

காஜா மொய்தீன் அழுதார். அல்லாஹ் மீது ஆணையிட்டார். கேப்டன் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தான். இந்த ஊரில் தம்பிக்கு ஏதோ நல்ல வேலை கிடைத்திருக்கிறது, தோஸ்துக்கு அவனை அனுப்ப மனமில்லை, அதனால் மறைக்கிறான் என்று அவனாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டான்.

கப்பல் நின்ற நாட்களெல்லாம் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் அலைந்து அவன் தம்பியைத் தேடினான். உயிரோடிருக்கிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் அல்லவா? வாய்விட்டுக் கூப்பிட்டான். காஜா மொய்தீன் சோற்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே நடந்தார். கொட்டகைப் பக்கம் அதன்பின் அவர் தலைவைத்தும் படுக்கவில்லை. வரதன் வீட்டுக்கே வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் போகவில்லை.

கப்பல் கிளம்புகிற காலையில் கேப்டன் சொன்னான்: "அவன் கோபமாக இருப்பான். படகை உடைத்துவிட்டோம், வீட்டைச் சாய்த்துவிட்டோம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். புதிதாகச் செய்துவைக்கிறேன் என்று சொல். வரச் சொல்."

காஜா மொய்தீன் அவன் முகத்தைப் பார்த்தார். உண்மையைச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது.

"சொல்றேன்" என்றார்.

மறுபடி அவர் துறைமுகத்தில் சமையல் வேலைக்குப் போனார். அடுத்த தை மாதத்தில் அதே தேங்காய்க் கப்பலிலிருந்து ஒரு மாலுமி ஆள் உயரத்துக்கு ஒன்றை இறக்கிக்கொண்டு வந்து கொடுத்தான். துடுப்பு. புது மரம், வாசனை போகவில்லை. கைபிடிக்கிற இடம் கண்ணாடி மாதிரி இழைக்கப்பட்டிருந்தது. படகு முடிந்துவிட்டதாம், குடிசைக்குக் கூரை மட்டும் பாக்கியாம்.

வீட்டில் ஷரீஃபுன்னிசா, "இன்னாங்க இது? இத்த எங்க வெக்கிறது?" என்று கேட்டாள். காஜா மொய்தீன் கொல்லைப்புறம் போய், துடுப்பைக் கல்லின் மேல் சாய்த்துவைத்து, கோடரியை எடுத்தார். செத்தவன் பொருளை உடைத்துவிட வேண்டும். வெகுநேரம் கோடரியைப் பிடித்தபடியே நின்றார். அது செத்தவனுக்கு வந்த பொருள் இல்லை, அண்ணன்காரன் உயிரோடிருக்கிற தம்பிக்கு அனுப்பியது. கோடரியைக் கீழே போட்டார். துடுப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, தன் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் நிறுத்தி வைத்தார்.